தைராய்டு மாத்திரை தொடங்கியும் சோர்வு போகவில்லையா? அளவு சரியாகும்வரை செய்ய வேண்டியவை

தைராய்டு குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். காலையில் எழுந்தால் இன்னும் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருக்க, உங்களுக்கு மட்டும் குளிர்சாதனம் எலும்புவரை இறங்கும். சீப்பில் முடி, வயிற்றில் மலச்சிக்கல், தலைக்குள் ஏதோ மூட்டம். "மாத்திரை போட்டும் ஏன் இப்படி?" என்ற கேள்வியோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இந்தக் கட்டத்தில் பெரும்பாலோர் நேராக "அளவைக் கூட்டிக் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: இப்போது விழுங்கும் அளவு முழுதாக உடம்பில் சேர்கிறதா? பாதி மாத்திரை கோப்பியோடும் கால்சியத்தோடும் வீணாகிக்கொண்டிருந்தால், கூட்டிய அளவும் அதே வழியில்தான் போகும். பிறகு ஒருநாள் பழக்கம் மாறி, மாத்திரை முழுதாகச் சேரத் தொடங்கினால் அளவு மிஞ்சிவிடும்.

மூன்று வகையினருக்கு இங்கே சொல்லும் எண்கள் பொருந்தாது. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் இயக்குநீர்) அளவை வேண்டுமென்றே தாழ்த்தி வைப்பது உண்டு. பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறு உள்ளவர்களுக்கு டிஎஸ்எச் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. கருவுற்றவர்களுக்குத் தனிக் கணக்கு. அதைப் பின்னால் சொல்கிறோம்.

ஏன் இவ்வளவு மெதுவாக வேலை செய்கிறது

நீங்கள் போடுவது லெவோதைராக்சின், அதாவது டி4 இயக்குநீர். இன்று விழுங்கிய டி4 உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். அதனால் அளவு மாறினால் ரத்தத்தில் புதிய மட்டம் நிலைப்பதற்கு ஐந்து, ஆறு வாரம் பிடிக்கும். டிஎஸ்எச் என்பது மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு குறைந்தால் உத்தரவு உரக்கும், எண் ஏறும். பிட்யூட்டரி புதிய மட்டத்தைப் பார்த்துக் குரலைத் தணிக்கவும் நாள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொல்வது இதனால்தான். மூன்றாம் வாரத்தில் பொறுமை இழந்து இன்னொரு கிளினிக்கில் சோதித்தால், பாதி வழியில் நிற்கும் எண்ணைப் பார்த்து அளவை மாற்றும் ஆபத்து இருக்கிறது.

தைராய்டு அநேகமாக முழுதும் ஓய்ந்துபோன பெரியவர்களுக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 மைக்ரோகிராம் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ என்றால் 96, கிட்டத்தட்ட 100. லேசான குறைவுக்கு 25 அல்லது 50 போதும். வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் 25 அல்லது அதற்கும் கீழே தொடங்கி, மெல்ல ஏற்றுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் 100 போடுகிறார், எனக்கு 25தானே என்ற ஒப்பீடு எதற்கும் உதவாது. அளவை மாற்றும்போதும் பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்ற சிறு படிகளாகத்தான் மாற்றுவார்கள்.

முதல் படி: ஒரே பக்கத்தில் எழுதுங்கள்

கைப்பேசியிலோ நோட்டிலோ இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய தேதி, தினமும் எடுக்கும் நேரம், அதற்குப் பிறகு முதலில் வயிற்றுக்குப் போகும் பொருள், நீங்கள் எடுக்கும் மற்ற எல்லா மருந்துகளும் சத்து மாத்திரைகளும். கீழே கடைசி இரண்டு ரத்தப் பரிசோதனைகளின் டிஎஸ்எச், எஃப்டி4 (ரத்தத்தில் கட்டுறாமல் இருக்கும் டி4) எண்கள், தேதியோடு. சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்திலோ அரசு மருத்துவமனையிலோ எடுத்த முடிவுகளை ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் வழியே பார்க்கலாம். தனியார் கிளினிக் என்றால் தாளைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள்.

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ வந்தவர்கள் ஒரு விஷயத்தில் தடுமாறுகிறார்கள். அங்கே எஃப்டி4 அளவை டெசிலிட்டருக்கு நானோகிராம் கணக்கில் தருவார்கள். இங்கே லிட்டருக்குப் பிகோமோல். அங்கே 1.2 என்று இருந்தது இங்கே 15 என்று வந்தால் பன்னிரண்டு மடங்கு கூடிவிட்டதென்று பதற வேண்டாம். பழைய எண்ணை 12.87 ஆல் பெருக்குங்கள்: 1.2 என்பது 15.4 ஆகும். இரண்டும் ஒன்றே. டிஎஸ்எச் அலகின் பெயர் இரு ஊரிலும் வேறாக எழுதப்பட்டிருந்தாலும் எண் மாறாது. ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இயல்பு எல்லை சற்று வேறுபடும். டிஎஸ்எச் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை என்று வைத்துக்கொண்டு, உங்கள் தாளில் அச்சான எல்லையையே பாருங்கள்.

இரண்டாம் படி: மாத்திரை உள்ளே சேர்கிறதா?

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். லெவோதைராக்சின் சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் எடுத்தால் ஏறக்குறைய எழுபது, எண்பது விழுக்காடு உள்ளே போகும். வயிற்றில் உணவு இருந்தால் இது கணிசமாகக் குறையும். எவ்வளவு குறையும் என்பது நாளுக்கு நாள் மாறும் என்பதுதான் பெரிய தொல்லை: திங்கள் இட்லி, செவ்வாய் புரோட்டா, புதன் ஒன்றுமில்லை என்றால் மூன்று நாளும் மூன்று அளவு மாத்திரை போட்டது போலத்தான்.

காலையில் எடுப்பவர்கள் எழுந்ததும் ஒரு குவளைப் பச்சைத் தண்ணீரோடு விழுங்குங்கள். அடுத்த அரை மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வேண்டாம். ஒரு மணி நேரம் என்றே பழகிக்கொள்வது நல்லது. ஆறு மணிக்கு மாத்திரை, குளியல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், ஏழு மணிக்குப் பசியாறல் என்று வீட்டு வேலையோடு கோத்துவிட்டால் காத்திருப்பது தெரியாது.

கோப்பிதான் இங்கே முதல் எதிரி. "பால் ஊற்றாத கோப்பி ஓ தானே, சீனிகூடப் போடவில்லை" என்பார்கள். பால் இல்லாத கோப்பியும் உறிஞ்சுதலைக் குறைக்கும். பாலோ கெட்டிப்பாலோ சேர்ந்தால் கால்சியமும் கூடவரும். தேநீர், தே தாரிக் எல்லாம் இதே கணக்கில் அடங்கும். கோப்பிக்கடைக்குப் போய் மேசையில் உட்கார்ந்து மாத்திரையை எடுப்பவர் என்றால், அந்த ஒரு பழக்கத்தை மாற்றுவதே அளவைக் கூட்டியதற்கு ஈடாக இருக்கலாம். சோயா பால் குடிப்பவர்கள் அதை மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்காமல், பல மணி நேரம் தள்ளி, தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் குடியுங்கள்.

நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டியவை வேறு: கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இவை கலந்த மல்டிவிட்டமின், கர்ப்பகால விட்டமின், நெஞ்செரிச்சலுக்கு எடுக்கும் அலுமினியம் அல்லது மெக்னீசியம் கலந்த மருந்துகள், சுக்ரல்ஃபேட், கொழுப்பைக் குறைக்கத் தரும் கொலஸ்டிரமின் தூள். இவை டி4 மருந்தைக் குடலுக்குள்ளேயே பிடித்துக்கொள்ளும். மலச்சிக்கலுக்கு இசப்கோல் எடுப்பவர்கள் அதை இரவுக்குத் தள்ளுங்கள். ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளின் சங்கதி வேறு. லெவோதைராக்சின் நன்றாகக் கரைய வயிற்று அமிலம் வேண்டும். அமிலம் நாள் முழுதும் குறைந்திருப்பதால், நேர இடைவெளி விட்டாலும் பலன் குறைவு. அந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். புதிதாகத் தொடங்கியதையோ நிறுத்தியதையோ மருத்துவரிடம் சொல்லி, ஆறெட்டு வாரத்தில் டிஎஸ்எச் பார்க்கச் சொல்லுங்கள்.

காலை ஒத்துவராதவர்களுக்கு இரவு நல்ல மாற்று. கடைசிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப் போகும்போது எடுக்கலாம். ஏழரைக்குச் சாப்பிட்டுப் பத்தரைக்கு மாத்திரை. ஒன்பது மணிக்கு பிஸ்கட், பால் என்று பழகியவர்களுக்கு இது சரிப்படாது. இரவுப் பாளி வேலை செய்யும் தாதியர், பாதுகாவலர், துறைமுக ஊழியர் போன்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் தூக்கத்தைப் பாருங்கள்: எப்போது தூங்கி எழுந்தாலும், எழுந்த உடன் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து உணவு. பாளி மாறும்போது நேரம் சில மணி முன்பின் ஆனால் தீங்கில்லை. டி4 உடம்பில் நீண்ட நாள் தங்கும் மருந்து. வெறும் வயிறுதான் முக்கியம்.

நோன்பு மாதத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, சஹர் உணவுக்குக் குறைந்தது அரை மணி முன்பே எழுந்து எடுப்பது. இன்னொன்று, ஏழே காலையொட்டி நோன்பு திறந்து, எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடித்து, பதினொரு மணிக்கு எடுப்பது. தராவீஹ் தொழுகைக்குப் பின் மறுபடி சாப்பிடும் வழக்கம் உள்ள வீடுகளில் முதல் வழியே மேல். தைப்பூசம், புரட்டாசி என விரதம் இருப்பவர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டிய தேவையே இல்லை. தண்ணீர்கூடக் குடிக்காத விரதம் என்றால் விடியுமுன் எடுத்துவிடுங்கள்.

வைக்கும் இடமும் கணக்கில் உண்டு. இந்த மருந்து சூடும் ஈரமும் தாங்காது. பல பெட்டிகளில் 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாதென்று எழுதியிருக்கும். நம் ஊரில் பகலில் சமையலறை 30 டிகிரியைத் தாண்டும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி, குளியலறை, சன்னலோரம், காரின் முன்பெட்டி எல்லாம் கூடாது. வீட்டிலேயே குளுமையான, வெயில் படாத அறையின் அலமாரியில், வாங்கிய அட்டையிலேயே வையுங்கள். வாரப் பெட்டியில் பிரித்துப் போட்டால் ஒரு வாரத்துக்கு மட்டும் போடுங்கள்.

இன்னொரு குழப்பம் இரண்டு அளவு மாத்திரைகளால் வருவது. 75 மைக்ரோகிராம் வேண்டும், கையில் 50, 100 மாத்திரைகள்தான் இருக்கின்றன என்றால், ஒருநாள் 50, மறுநாள் 100 என்று எழுதித் தருவார்கள். கேட்க எளிது, பத்தாம் நாள் "நேற்று எது?" என்று மறந்துபோகும். ஒற்றைப்படைத் தேதி, இரட்டைப்படைத் தேதி என்று வைத்தால் 31க்கு அடுத்து 1 வந்து கணக்குக் கெடும். கிழமையால் கட்டுங்கள்: "திங்கள், புதன், வெள்ளி 100, மற்ற நாள்களில் 50" என்று வைத்தால் வாரத்துக்கு 500, நாளுக்குச் சராசரி 71. இந்தக் கிழமைக் கணக்கை மருத்துவரோ மருந்தாளரோ ஒப்புக்கொண்டு எழுதித் தரட்டும்.

மறந்துபோன நாளில், அன்றே நினைவு வந்து வயிறு காலியாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் வழக்கமான ஒரு மாத்திரையோடு தொடருங்கள். மருத்துவர் சொல்லாமல் இரட்டிப்பாகப் போட வேண்டாம். ஆனால் தவறவிட்ட நாளை நோட்டில் குறியுங்கள். மாதத்தில் ஆறு நாள் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு மருந்தே போகவில்லை என்று பொருள். அதை மறைத்துவிட்டு உயர்ந்த டிஎஸ்எச் எண்ணை மட்டும் காட்டினால் மருத்துவர் அளவைக் கூட்டத்தான் செய்வார்.

மூன்றாம் படி: ரத்தம் எடுக்கும் நாள்

ஒவ்வொரு முறையும் காலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள். டிஎஸ்எச் இரவிலும் விடியலிலும் கூடுதலாகவும் பிற்பகலில் குறைவாகவும் இருக்கும். அன்றைய மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள்; விழுங்கிய சில மணி நேரத்துக்கு எஃப்டி4 உயர்ந்து நின்று தவறான படத்தைக் காட்டும். மாத்திரையையும் தண்ணீர்ப் போத்தலையும் பையில் எடுத்துப் போனால் அன்றைய அளவு தவறாது.

முடி உதிர்கிறதென்று பயோட்டின் மாத்திரையோ ஜெல்லி மிட்டாயோ சாப்பிடுபவர்கள் இதைக் கவனியுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படுபவற்றில் 5,000, 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் இருக்கும். பல ஆய்வுக்கூட முறைகளில் அது டிஎஸ்எச் அளவைக் குறைத்தும் எஃப்டி4 அளவைக் கூட்டியும் காட்டும். உண்மையில் குறைவில் இருக்கும் ஒருவர் தாளில் மிகையாகத் தெரிவார், அளவைக் குறைத்துவிடுவார்கள், உடம்பு இன்னும் படுத்துவிடும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அதிக அளவு எடுப்பவர்கள் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேதி நெருங்குகிறதென்று கடைசி வாரம் மட்டும் ஒழுங்காகப் போடுவதும் எண்ணைக் குழப்பும். எஃப்டி4 சீக்கிரம் ஏறிவிடும், டிஎஸ்எச் இறங்காது. எஃப்டி4 நன்றாக இருந்தும் டிஎஸ்எச் உயர்ந்தே இருக்கும் தாளைப் பார்த்தால் மருத்துவர் முதலில் கேட்பது, தினமும் போடுகிறீர்களா என்பதைத்தான்.

காத்திருக்கும் வாரங்கள்

எல்லா அறிகுறியும் ஒன்றாகப் போகாது, வரிசை உண்டு. முகவீக்கம், உடம்பில் நீர் கோத்தது போன்ற உணர்வு, மலச்சிக்கல், அதீதச் சோர்வு ஆகியவை பலருக்கும் சில வாரங்களில் தளரத் தொடங்கும். தோல் வறட்சியும் குரல் கரகரப்பும் மாதக்கணக்கில் ஆகும். முடிதான் கடைசி. ஒரு முடி உதிரும் முடிவு இரண்டு, மூன்று மாதத்துக்கு முன்பே வேரில் எடுக்கப்பட்டிருக்கும். அதனால் டிஎஸ்எச் சரியான பிறகும் கொஞ்ச நாள் கொட்டும். புதிய முடி கண்ணுக்குத் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். அதற்குள் எண்ணெய், ஷாம்பூ, மாத்திரை என்று பத்துப் பொருளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

வாரம் ஒருநாள், ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டு, ஐந்து விஷயங்களுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுங்கள்: சோர்வு, குளிர், மலம், மனநிலை, கவனம். எடையையும் ஓய்வில் நாடித்துடிப்பையும் குறியுங்கள். தினமும் போட்டால் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறித் தெரிந்து மனம்தான் சோரும்.

எடையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறோம். தைராய்டு குறைவால் ஏறும் எடையில் பெரும்பகுதி உப்பும் நீரும். மாத்திரையால் குறைவதும் பொதுவாக உடல் எடையில் பத்து விழுக்காட்டுக்குள்தான். அதற்கு மேல் ஏறிய எடைக்கு உணவும் நடையும்தான் வழி. இளைப்பதற்காக மாத்திரையைக் கூட்டிப் போடுவது இதயத்தோடு விளையாடுவது.

நடையைச் சிறிதாகத் தொடங்குங்கள். முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பின் வீவக புளோக்கைச் சுற்றிப் பத்து நிமிடம் போதும். மறுநாள் படுக்கையிலேயே கிடக்க வைக்கும் அளவுக்கு நடந்தால் அது அதிகம், பாதியாகக் குறையுங்கள். தசைவலி இருந்தால் கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். தைராய்டு குறைவாக இருக்கும்போது ஸ்டாட்டினால் தசை பாதிக்கும் வாய்ப்புக் கூடும். உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம் இது. கொலஸ்டிரால் உயர்ந்ததே தைராய்டு குறைவால் இருக்கலாம் என்பதால், டிஎஸ்எச் சரியான பிறகு அதையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலுக்குக் கீரை, பப்பாளி, போதிய தண்ணீர். குளிருக்கு அலுவலகத்தில் ஒரு சால்வையும் காலுறையும். பகல் தூக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டினால் இரவுத் தூக்கத்தைத் தின்றுவிடும்.

சாப்பாட்டில் அச்சம்தான் அதிகம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி தொடக் கூடாது என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். சமைத்துச் சாதாரண அளவில் சாப்பிடுவதை நிறுத்தத் தேவையில்லை. பச்சையாக அரைத்துத் தினமும் பெருமளவு குடிப்பதை மட்டும் விடுங்கள். கவலைப்பட வேண்டியது கடற்பாசி மாத்திரைகளையும் அயோடின் சொட்டு மருந்துகளையும் பற்றித்தான். "தைராய்டுக்கு நல்லது" என்று விற்கப்படும் இவற்றில் உள்ள மிகை அயோடின், ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்குச் சுரப்பியை இன்னும் அடக்கிவிடக்கூடும். ஹஷிமோட்டோ என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நிலை. உணவில் அயோடின் போதிய அளவு கிடைக்கும் ஊர்களில் தைராய்டு குறைவுக்கு இதுவே முதல் காரணம்.

டிஎஸ்எச் சரியாகியும் சோர்வு நின்றால்

மாத்திரை ஒழுங்காகப் போகிறது, டிஎஸ்எச் எல்லைக்குள் வந்து சில மாதம் ஆகிவிட்டது, ஆனாலும் சரியில்லை என்பவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சையில் இருப்பவர்களில் ஐந்து முதல் பத்து விழுக்காட்டினர் இப்படி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. "எல்லாம் மனசுதான்" என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். எல்லாப் பழியையும் தைராய்டு மேலேயே போடவும் வேண்டாம்.

தேடும் வரிசை இது. முதலில் ரத்தசோகையும் ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்): மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்புக் காலியாக இருக்கலாம்; சோர்வும் முடி உதிர்வும் அதனாலேயே வரும். அடுத்து பி12: சைவ உணவுக்காரர்களுக்கும் நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் குறைய வாய்ப்பு உண்டு. ஹஷிமோட்டோ உள்ளவர்களுக்கு பி12 உறிஞ்சப்படாத ஒருவகை ரத்தசோகையும் கூடவரலாம். பிறகு ரத்தச் சர்க்கரை, விட்டமின் டி. குறட்டை விடுபவர், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் எம்ஆர்டியில் உட்கார்ந்தவுடன் கண் சொருகுபவர் என்றால் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதிக்கக் கேளுங்கள். நாற்பதுகளின் பிற்பகுதியில் உள்ள பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொந்தரவுகளும் இதேபோல் இருக்கும். மனச்சோர்வும் ஒரு நோய்தான். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை என்றால் அதையும் அதே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. எடை குறைந்துகொண்டே வருகிறது, எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது, வாந்தி வருகிறது, தோல் வழக்கத்துக்கு மாறாகக் கறுக்கிறது, அதிலும் மாத்திரை தொடங்கிய பின் நிலை மோசமாகிறது என்றால் அட்ரினல் சுரப்பியின் குறைபாடு இருக்கலாம். அதைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரையை மட்டும் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து.

டி3 (தைராய்டின் இன்னொரு இயக்குநீர்) மாத்திரை சேர்த்தால் சரியாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்த பிறகும் குறையாத சிலருக்கு, நாளமில்லாச் சுரப்பி நிபுணரின் கண்காணிப்பில் கொஞ்ச காலம் கொடுத்துப் பார்ப்பது உண்டு. அது முதல் படியும் அல்ல, நாமாக இணையத்தில் வரவழைக்கும் பொருளும் அல்ல. நிபுணரைச் சலுகைக் கட்டணத்தில் பார்க்க வேண்டுமானால் பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போங்கள்.

அளவு மிஞ்சினால் எப்படித் தெரியும்

ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, வியர்க்கும், வயிறு அடிக்கடி இளகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாமல் டிஎஸ்எச் மட்டும் 0.1க்குக் கீழே போயிருக்கும். அந்த நிலை நீடித்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், எலும்பு தேயும். வயதானவர்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஆபத்து அதிகம். "இப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கிறேன்" என்று அதில் தங்கிவிடாதீர்கள். பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் கிளினிக்கை அழையுங்கள்.

கருவுற்றால்

பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு தெரிந்த அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்; முதல் மகப்பேற்றுச் சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. குழந்தை முதல் மாதங்களில் தாயின் தைராய்டு இயக்குநீரையே நம்பியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அளவு 25 முதல் 30 விழுக்காடு கூட வேண்டும். வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது என்று கூட்டச் சொல்வது வழக்கம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதை மருத்துவரோடு பேசி வைத்திருந்தால் அன்று தடுமாற வேண்டியதில்லை. கர்ப்பத்தின் முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்ப்பார்கள். மகப்பேற்றுக்குப் பின் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

சந்திப்பு நேரம் குறைவு. உட்கார்ந்ததும் "சோர்வாக இருக்கு டாக்டர்" என்று தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும். எழுதி வைத்த பக்கத்தைக் காட்டி இப்படிச் சொல்லுங்கள்: "75 மைக்ரோகிராம், எட்டு வாரமாக, காலை ஆறு மணிக்கு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு. இரண்டு நாள் தவறியிருக்கிறது. மலச்சிக்கல் போய்விட்டது, சோர்வு ஏழிலிருந்து ஐந்துக்கு வந்திருக்கிறது, குளிர் அப்படியே இருக்கிறது." பிறகு கேளுங்கள்: என் டிஎஸ்எச் எந்த எண்ணுக்குள் வர வேண்டும்? அடுத்த பரிசோதனை எப்போது? ஃபெரிட்டினும் பி12ம் பார்த்தாகிவிட்டதா? வேறு மருந்து எதுவும் இதில் குறுக்கிடுகிறதா? கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஆகியவற்றைத் தொடங்கினாலும் நிறுத்தினாலும் தைராய்டு அளவு மாற வேண்டியிருக்கலாம். முடிந்தவரை ஒரே மருத்துவரிடம் தொடருங்கள். 40 வயதைத் தாண்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் ஒரு கிளினிக்கில் பதிந்துகொண்டால் இது எளிது.

மிகுந்த மந்தம், குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் எழாத தூக்கம், உடம்பு சில்லிட்டுப் போதல், மூச்சு மெதுவாதல் இவற்றில் எது வந்தாலும், அல்லது நெஞ்சுவலி, நிற்காத படபடப்பு வந்தாலும், 995ஐ அழையுங்கள். பல நாள் மாத்திரையை நிறுத்திவிட்டுக் காய்ச்சலில் படுத்திருக்கும் முதியவர் விஷயத்தில் இன்னும் கவனமாக இருங்கள்.

ஊருக்குப் போய் வரும்போது

இந்தியாவில் தைரோநார்ம், எல்ட்ராக்சின் மலிவு என்று மொத்தமாக வாங்கி வருபவர்கள் உண்டு. சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத அளவுக்குள் கொண்டுவரலாம். சீட்டைக் கூடவே வைத்திருங்கள். ஆனால் பிராண்டு மாறினால் அளவு ஒன்றாக இருந்தாலும் உடம்பில் சேர்வது சற்று மாறலாம். மூன்று மாதம் ஒன்று, மூன்று மாதம் இன்னொன்று என்று தாவினால் டிஎஸ்எச் ஏன் ஆடுகிறதென்று யாராலும் சொல்ல முடியாது. ஏதாவது ஒன்றில் நிலையாக இருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், மாற்றிய தேதியைக் குறித்து, ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ரத்தம் கொடுக்கத் தேதி வாங்கிவிடுங்கள். விமானத்தில் மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். ஊரில் விருந்தும் நேரமாற்றமும் காலை நேரத்தைக் கெடுக்கும் என்று தெரிந்தால், அந்த இரண்டு வாரத்துக்குப் படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது அங்கேயும் மாறாது.